குடத்துக்குக் கணக்கு உண்டு, மோட்டாருக்கு இல்லை

நகரத்து வீடுகளுக்குக் குடிநீர்த் திட்டம் போடும் பொறியாளர்கள், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் கணக்கைத் தொடங்குகிறார்கள். பொறியியல் பாடநூல்கள் அதை இப்படிப் பிரிக்கும்: குடிக்க 5, சமைக்க 5, குளிக்க 55, துணி துவைக்க 20, பாத்திரம் கழுவ 10, வீடு கழுவ 10, கழிப்பறைக்கு 30. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீடுகளுக்குக் குழாயில் தருவதாகச் சொன்ன அளவும் ஒருவருக்கு 55 லிட்டர்தான். நகரத்துக்காரர் குளிப்பதற்கு மட்டும் ஒதுக்கிய தண்ணீரில் கிராமத்துக்காரர் குடித்து, சமைத்து, துவைத்து, கழுவி, குளித்தும் முடிக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் ஒருவருக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு விதித்தபோது உலகமே அதைப் பேரிடராகப் பார்த்தது. அந்த நெருக்கடி அளவைவிட ஐந்து லிட்டர் கூடுதல் என்பதுதான் நம் கிராமங்களுக்கு வைத்த இலக்கு.

சேலம், நாமக்கல் சமவெளியில் 135, 55 என்ற இந்த இரண்டு எண்களுமே வீட்டு நடப்பைக் காட்டுவதில்லை. இங்கே ஒரு வீட்டுக்குள் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. ஒன்று நல்ல தண்ணி: காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் வழியே, சில ஊர்களில் நாள்தோறும், பல ஊர்களில் சில நாளுக்கு ஒருமுறை வருவது. மற்றது உப்புத் தண்ணி: வீட்டு போரிலிருந்தோ ஊராட்சியின் போரிலிருந்தோ மோட்டார் ஏற்றித் தருவது. முன்னதைக் குடக் கணக்கில் பிடிக்கிறோம். எத்தனை குடம் வந்தது, எத்தனை குடம் மிச்சம் என்பது வீட்டுப் பெண்ணுக்கு மனப்பாடம். பின்னதற்கு எந்த அளவும் கிடையாது. நாம் குளிப்பது அந்த இரண்டாவது தண்ணீரில்தான். வீட்டில் அதிகம் செலவாகும் தண்ணீர் எதுவோ, அதுதான் யாரும் அளக்காத தண்ணீராக இருக்கிறது. குளியலில் சிக்கனம் பற்றி எழுதப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்பதற்குப் பாறையைப் பார்க்க வேண்டும். இந்தச் சமவெளி கடினப் பாறை நிலம். மேலே சில அடி மண்ணும் மக்கிய பாறையும். கீழே சார்னோக்கைட்டும் நைஸ் பாறையும். தண்ணீர் இருப்பது பாறையின் வெடிப்புகளில் மட்டும். அந்த வெடிப்புகளில் ஆண்டுக்கணக்கில் தங்கும் தண்ணீர் பாறையின் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. சேலத்துக்கு வடக்கே மேக்னசைட் வெட்டியெடுக்கும் வெள்ளை மேடுகள் உண்டு; அங்கே ஒரு ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் மக்னீசியம் தூக்கலாக இருப்பதில் வியப்பில்லை. இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் ஃபுளோரைடும் அளவு மீறியிருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் விரும்பத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரம். அதற்கு மேல் பல ஆண்டு குடித்தால் பல்லில் கறை விழும், எலும்பும் மூட்டும் கெடும். ஆனால் ஃபுளோரைடு உள்ள தண்ணீரில் குளிப்பதால் அந்தக் கேடு வருவதில்லை. அது உடம்புக்குள் போவது வாய் வழியாகத்தான். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர் என்று நம் வீடுகள் பிரித்துக்கொண்டது அறிவார்ந்த ஏற்பாடு. எந்த அரசாணையும் சொல்லாமல் பெண்களே செய்துகொண்டது அது.

கடினத் தண்ணீருக்கு விலை வேறு வகையில் கொடுக்கிறோம். சோப்பு என்பது கொழுப்பமிலத்தின் சோடிய உப்பு. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அதைப் பிடித்துக் கரையாத வெள்ளைப் படிவாக மாற்றிவிடுகின்றன. அவை தீர்ந்த பிறகுதான் நுரை வரும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் நம் பக்கத்தில் சாதாரணம். குடிநீருக்கே 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது தரம். அந்த 300 மில்லிகிராம் தண்ணீரில் ஒவ்வொரு லிட்டரும் சுமார் 1.8 கிராம் சோப்பை விழுங்கிவிடும் என்று வேதியியல் கணக்கு சொல்கிறது. பார் சோப்பு போட்டு 20 லிட்டர் தண்ணீரில் துணி அலசினால் 36 கிராம் சோப்பு அழுக்கைத் தொடாமலே போய்விடும். தலைமுடி பிசுபிசுவென்று திரி திரியாக நிற்பதும், பக்கெட்டின் உள்சுவரில் வெள்ளையாக ஒரு வளையம் ஏறுவதும் இதனால்தான்.

இந்த ஊர்க்காரர்கள் அரப்பை விடாமல் வைத்திருந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. உசில மரத்து இலையைக் காயவைத்து அரைத்த பொடிதான் அரப்பு. அதில் நுரை தருவது சப்போனின். கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து சோப்பைப் போல அது திரிவதில்லை; உப்புத் தண்ணீரிலும் எண்ணெயை எடுக்கும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தண்ணி வார்த்துக்கொள்ளும் ஆண்களும், செவ்வாய், வெள்ளியில் தலைக்கு ஊற்றும் பெண்களும் இருந்த வீடுகளில் கிணற்றுத் தண்ணீரின் குணம் தெரிந்தே இருந்தது. ஆனால் அரப்பை முடியிலிருந்து அலசி எடுக்கத் தண்ணீர் நிறையவே வேண்டும். பழைய முறை என்பதாலேயே எல்லாம் சிக்கனம் என்று சொல்லிவிட முடியாது.

அதே உப்புதான் இங்கே ஷவரையும் தோற்கடிக்கிறது. கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் கட்டிய வீடுகள் பலவற்றின் குளியலறையில் ஷவர் மாட்டியிருப்பார்கள். போய்த் திறந்து பாருங்கள். ஓட்டைகளில் கால்வாசியில் நூல் போல வரும், சிலதில் பக்கவாட்டில் பீச்சும், மீதியில் வெள்ளைப் பொருக்கு அடைத்திருக்கும். பின்னூசி விட்டுக் குத்துவார்கள். கழற்றி எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் ஊற வைப்பார்கள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். கடினத் தண்ணீரைச் சுட வைத்தால் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து படியும் என்பதால் வெந்நீர்க் குழாயும் கீசரின் சுருளும் இன்னும் விரைவில் அடைபடும். இன்னொரு காரணம் அழுத்தம். மொட்டை மாடித் தொட்டி ஷவருக்கு மேலே எட்டு, பத்து அடி உயரத்தில்தான் இருக்கிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும் என்றால், அந்தப் பத்தடி தருவது 0.3 பார். பெரிய ஷவர்களுக்கு அது போதாது. அதனால்தான் ஷவர் மாட்டிய வீட்டிலும் அதற்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் மக்கும் நிற்கின்றன, குளியலும் அவற்றில்தான் நடக்கிறது.

பக்கெட்டுக்கு ஒரு பெரிய குணம் உண்டு: அதற்கு அடி தெரியும். 18 லிட்டரோ 20 லிட்டரோ, தீர்ந்தால் தீர்ந்ததுதான். இன்னொரு பக்கெட் பிடிப்பதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் குழாயைத் திறக்கிறோம். மதுரை உட்பட ஏழு இந்திய நகரங்களில் ஆய்வு செய்து அப்துல் ஷபான், ஆர்.என். சர்மா ஆகியோர் 2007இல் 'எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் எழுதிய கட்டுரையில், ஒருவரின் சராசரிப் பயன்பாடு நாளுக்குச் சுமார் 92 லிட்டர், அதில் குளியலின் பங்கு சுமார் 28 சதவீதம் என்று வந்தது. பெருக்கிப் பார்த்தால் 26 லிட்டர். அதாவது ஒரு பக்கெட்டும் இன்னும் சில சொம்பும். பாடநூல் ஒதுக்கிய 55 லிட்டரில் பாதிகூட இல்லை. நம் மக்கள் குளியலில் ஊதாரிகள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிலைமை மாறுவது பிரஷர் பம்ப் வரும்போதுதான். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டிப் பக்கத்துப் புதுக் கட்டடங்களிலும் நாமக்கல், திருச்செங்கோட்டின் புது நகர்களிலும் அது கட்டும்போதே சேர்ந்துவிடுகிறது. அழுத்தம் நான்கு மடங்கானால் அதே துளை வழியே தண்ணீர் ஏறத்தாழ இரண்டு மடங்கு பாயும். அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஷவருக்கு விதித்த உச்ச வரம்பு நிமிடத்துக்கு 2.5 கேலன், நம் கணக்கில் 9.5 லிட்டர். அந்த வரம்புக்குள் நிற்கும் ஷவரிலேயே எட்டு நிமிடம் குளித்தால் 76 லிட்டர், கிட்டத்தட்ட நான்கு பக்கெட். அது எவ்வளவு என்று உடம்புக்குப் புரிய வேண்டுமானால், 1970களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்துத் தேற்றி நாடெங்கும் நட்ட 'இந்தியா மார்க் 2' அடிபம்பை நினைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 40 முறை அடித்தால் அது 12 முதல் 15 லிட்டர் தரும். எட்டு நிமிட ஷவருக்கு ஒரு ஆள் கை ஓயாமல் இருநூறு முறைக்கு மேல் அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இதெல்லாம் பெரிய அளவா? 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை எட்டு லட்சத்து முப்பதாயிரம் அளவு. அத்தனை பேரும் பாடநூல் சொன்ன 55 லிட்டரில் தினமும் குளித்தாலும் ஓராண்டுக்கு ஆவது சுமார் 0.6 டி.எம்.சி. 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வயலோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஒரு லட்சத்து இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும். நான்கு பேர் உள்ள குடும்பம் ஆளுக்கு 55 லிட்டர் வீதம் ஆண்டு முழுவதும் குளிப்பது 80,300 லிட்டர். கரும்புக்கோ மஞ்சளுக்கோ ஒரு ஏக்கரில் வாய்க்கால் வழியே கட்டும் ஒரே ஒரு தண்ணீர் அதை மிஞ்சிவிடும். ஷவரை மூடினால் நாட்டின் தண்ணீர்ப் பஞ்சம் தீரும் என்பது பொய். அப்படிப் பேசுவது பாசனத்தையும், சாயப்பட்டறைகள், சேகோ ஆலைகளின் தண்ணீரையும், நகராட்சிக் குழாய்க் கசிவையும் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது.

அணையின் அளவில் குளியல் ஒன்றுமில்லை என்பதால், போரின் அளவிலும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. நம் வீடு குளிப்பது அணைத் தண்ணீரில் அல்ல, ஒரு பாறை வெடிப்பின் தண்ணீரில்.

போர் என்று சொன்னால் இந்தியா முழுதும் திருச்செங்கோட்டைத்தான் சொல்வார்கள். ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் தண்ணீருக்குத் துளை போடும் ரிக் வண்டிகளில் ஏராளமானவை இந்த ஊர்ப் பதிவெண்ணோடு போனவை. ஆப்பிரிக்க நாடுகள் வரை போயிருக்கின்றன. கம்ப்ரசர் காற்றால் சுத்தியலைத் துளையின் அடியிலேயே இயக்கிப் பாறையை நொறுக்கும் முறை, 1967 பீகார் வறட்சிக் காலத்தில் யுனிசெஃப் கொண்டுவந்த எந்திரங்களோடு இந்தியாவில் பரவத் தொடங்கியது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான அடி இறங்கலாம் என்று ஆன பின், கிணறு வெட்டும் கூட்டமும் கவலை இறைப்பும் கண்ணெதிரே மறைந்தன. அடிக்கு இவ்வளவு என்று பேசி, கேசிங் பைப் இறக்கி, வண்டி ஓட்டத் தொடங்கினால் வீட்டார் துளையின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வெள்ளைப் புகையாகத் தூசி வந்துகொண்டே இருக்கும். ஈரம் தட்டி அது சேறாக மாறும்போது எல்லார் முகமும் மாறும். ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் என்று தண்ணீரை மதிப்பிடுவார்கள். 800 அடி, 1,000 அடி போயும் புகையோடு முடிந்த துளைகள் இந்தச் சமவெளியில் தெருவுக்குத் தெரு உண்டு. அதற்காக வாங்கிய கடன்களும் உண்டு.

அந்த ஒரு இஞ்ச் தண்ணீரைத்தான் நான்கைந்து வீடுகள் தெரியாமல் பங்கிட்டுக்கொள்கின்றன. வெடிப்பு ஒன்றாக இருந்தால் பக்கத்து மனையில் ஓடும் மோட்டார் நம் துளையின் மட்டத்தையும் இறக்கும். வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோன 2016ஐ அடுத்து வந்த கோடையை இங்குள்ளவர்கள் மறந்திருக்க முடியாது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிக் கிடக்கும் பண்ணவாடி நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே நின்றன. சேலத்தின் குடிநீருக்காக 1911இல் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரி வறண்டு சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. வீடுகளில் பத்து நிமிடம் ஓடினால் மோட்டார் காற்றை இழுத்தது. அந்த நாளில் ஒரு வீட்டின் குளியல் 26 லிட்டரா 76 லிட்டரா என்பது, அந்தத் தெருவுக்கு டிராக்டர் தண்ணீர் எப்போது தேவைப்படும் என்பதைத் தீர்மானிக்கும் விஷயம்.

மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 600 அடி ஆழத்திலிருந்து 1,000 லிட்டரை மேலேற்ற, துளி இழப்பும் இல்லாத மோட்டாருக்கே அரை யூனிட் ஆகும். வீட்டு மோட்டார்கள் அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். பொதுக் குழாய்த் தண்ணீருக்கு வரி கட்டுகிறோம். நிலத்தடித் தண்ணீருக்கு மின்கட்டணம் தவிர வேறு எதுவும் இல்லை. 2003இல் தமிழ்நாட்டில் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது. அதே 2003இல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு பிழைத்தது. குழாயை இறக்கி விட்டதோடு பலர் அதையும் மறந்துவிட்டார்கள் என்றாலும்.

சிக்கனம் எங்கே கிடைக்கும் என்று பார்த்தால் விடை ஷவரில் தொடங்குவதில்லை. மோட்டார் போட்டுவிட்டு மறந்து, மாடித் தொட்டி நிரம்பிச் சுவரெல்லாம் வழிவது நம் தெருக்களில் அன்றாடக் காட்சி. நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றும் மோட்டார் பத்து நிமிடம் வீணாக ஓடினால் 300 லிட்டர், அதாவது 15 பக்கெட் குளியல். மிதவை வால்வோ தானியங்கிக் கட்டுப்பாடோ இதை நிறுத்திவிடும். மாடியில் சூரிய வெந்நீர்க் கலன் வைத்த வீடுகளில் காலையில் முதலில் வருவது குழாயில் தங்கிய குளிர்ந்த தண்ணீர். முக்கால் இஞ்ச் குழாய் 15 மீட்டர் நீளம் இருந்தால் அதில் நான்கு லிட்டருக்கு மேல் நிற்கும். வெந்நீர் வரட்டும் என்று சாக்கடையில் விடுவதை, பக்கத்தில் ஒரு வாளி வைத்துப் பிடித்தால் பாத்திரம் கழுவ ஆகும்.

குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்பது இன்னும் பெரிய விஷயம். வீட்டுக்கு வரும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவாக வெளியேறும் என்று வைத்துத்தான் சாக்கடைத் திட்டங்கள் வரையப்படுகின்றன. பொடக்காலியில் குளித்த காலத்தில் அது வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் தென்னைக்கும் போயிற்று. தோட்டத்துப் பம்புசெட்டில், நான்கு இஞ்ச் குழாய் கொட்டும் தொட்டியில் நின்று அரை மணி நேரம் ஆனந்தமாகக் குளிப்பவர் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட வீணாக்குவதில்லை. அது அவரைத் தொட்டுவிட்டு குச்சிக்கிழங்குக் காட்டுக்கே போகிறது. பார்க்க ஆடம்பரமான அந்தக் குளியல்தான் உள்ளவற்றில் சிக்கனமானது. சேலம் மாநகரின் குளியலறைத் தண்ணீரோ கழிப்பறை நீரோடும் சாயக் கழிவோடும் கலந்து திருமணிமுத்தாற்றில் இறங்கி, நாமக்கல் மாவட்டத்து வயல்களைத் தாண்டிக் காவிரியில் சேர்கிறது. சேர்வாராயன் மலையில் தெளிந்து பிறக்கும் ஓர் ஆற்றை நாம் இப்படி ஆக்கி வைத்திருப்பது வெட்கக்கேடு. ஊராட்சிகளில் 100 நாள் வேலைத் திட்டத்தில் தோண்டித் தந்த உறிஞ்சு குழிகள் எளிமையானவை, பயனுள்ளவை. நகரத்து மனைகளுக்கும் குளியல், துவையல் தண்ணீரைக் கழிப்பறைக் குழாயிலிருந்து பிரித்து விடும் தனிக் குழாயை வரைபட அனுமதியின்போதே மாநகராட்சி கேட்க வேண்டும். கட்டி முடித்த பின் பிரிப்பது மிகக் கடினம்.

குடும்பத்துக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல தண்ணி எப்போது வரும் என்று விடியற்காலையில் விழித்திருப்பவரும், தொட்டி காலியானால் தன் குளியலை மாலைக்குத் தள்ளிப்போடுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள், வீட்டுப் பெண். ஊருக்குள்ளும் அப்படித்தான்: சொந்த போர் உள்ள தெருவுக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, பொதுக் குழாயை நம்பிய காலனிக்கு 55 லிட்டர் என்ற வாக்குறுதியே பல நாளில் எட்டாதது. குறைவாகக் குளியுங்கள் என்று அந்தக் காலனியைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் தகுதியில்லை. அளக்க வேண்டியவர்கள் மோட்டார் வைத்திருப்பவர்கள்.

அளப்பது ஒன்றும் கடினமில்லை. ஷவருக்குக் கீழே பத்து லிட்டர் வாளியை வைத்து, செல்பேசிக் கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை விநாடியில் நிறைகிறது என்று குறியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் உங்கள் ஷவர் அந்த அமெரிக்க வரம்பைத் தாண்டிவிட்டது. மாடியில் 1,000 லிட்டர் தொட்டி இருந்து, நான்கு பேர் வீட்டில் அது தினம் ஒருமுறை காலியாகிறது என்றால் ஆளுக்கு 250 லிட்டர் ஆகிறது. இயன்றால் மோட்டாரிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டரைப் பொருத்தச் சொல்லுங்கள். உங்கள் ஊர் பிளம்பர் அரை மணியில் முடித்துவிடுவார். எண்ணை மாதம் ஒருமுறை, மின்கட்டண அட்டைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். போரின் மட்டம் இறங்கத் தொடங்கும் மார்ச்சுக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.